ஜார்ஜ் ஸ்மித்: களிமண் ஏடுகளைப் பயின்ற தொழிலாளி

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், விழா மலரில் நம் சமூகத்துச் சான்றோர் வரலாறுகள் இடம்பெறுவது இயல்பே. அவற்றினிடையே, கடல் கடந்த நாட்டில் வாழ்ந்து மறைந்த ஆங்கிலேயர் ஒருவரின் வரலாற்றை நாம் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் தியாகராய நகரில் நடைபெற்றுவந்த நமது மாலை வகுப்பிற்கு இளைஞர் ஒருவர் தவறாது வருவார். பகலெல்லாம் அச்சகம் ஒன்றில் அவருக்கு வேலை. பத்தாம் வகுப்போடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. ஆயினும் கல்வெட்டுகளைப் பற்றியும் பழைய எழுத்துகளைப் பற்றியும் எந்த நூல் கிடைத்தாலும் விடாது படிப்பார். ஒரு நாள் வகுப்பு முடிந்தபின் அவர் நம்மிடம் ஒன்று கேட்டார். கல்லூரி வாயிலை மிதியாத, கூலி வேலைக்குச் செல்லும் ஒருவன் இத்தகைய துறைகளில் அறிஞனாக முடியுமா, அல்லது இவையெல்லாம் புத்தகங்கள் நிறைந்த வீட்டில் பிறந்தோர்க்கே உரியனவா என்பதே அவருடைய கேள்வி. நாம் அன்று ஏதோ ஆறுதல் மொழி கூறினோமேயன்றி உரிய விடை தரவில்லை. சில மாதங்களில் அவர் வருகையும் நின்றுபோயிற்று.

அக்கேள்விக்கு நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம். அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை. அச்சுத் தொழிலகம் ஒன்றில் தகடு செதுக்கும் வேலை கற்றுக்கொண்டிருந்த ஓர் ஏழைச் சிறுவன், உலகின் மிகப் பழைய இலக்கியங்களுள் ஒன்றை மனித குலத்திற்கு மீட்டுத் தந்த அறிஞனான வரலாற்றை இனிக் காண்போம்.

மண்ணில் எழுதிய மக்கள்

யூப்ரடீஸ், டைகிரிஸ் என்னும் இரு பேராறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தை மெசபடோமியா என்பர். இன்றைய ஈராக் நாடு பெரும்பாலும் இந்நிலப்பகுதியே ஆகும். கல்லும் மரமும் அரிதாகிய அந்நாட்டில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. ஆகவே அம்மக்கள் வீட்டையும் மண்ணால் கட்டினர். ஏட்டையும் மண்ணாலேயே செய்தனர். ஈரக் களிமண்ணைப் பலகை போல் தட்டி, நாணற்குச்சியின் முனையால் அதில் அழுத்தி எழுதினர். குச்சி பதிந்த இடம் ஆப்பு வடிவில் அமைந்தமையால் அவ்வெழுத்தை ஆப்பெழுத்து என்கிறோம். ஏறத்தாழ கி.மு. 3200-ஆம் ஆண்டையொட்டிச் சுமேரியர் நாட்டில் தொடங்கிய இவ்வெழுத்து முறையைப் பின்னர் பாபிலோனியரும் அசீரியரும் மேற்கொண்டனர். மூவாயிரம் ஆண்டுகள் வழங்கியபின் அது அடியோடு மறக்கப்பட்டது.

அசீரியப் பேரரசின் தலைநகர் நினிவே. அங்கே கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட அசுர்பனிபால் என்னும் மன்னன், தான் எழுதப் படிக்க வல்லவன் என்பதில் பெருமை கொண்டவன். நாடெங்குமிருந்து ஏடுகளைத் திரட்டியும் படியெடுக்கச் செய்தும் தன் அரண்மனையில் பெரியதொரு நூலகத்தை அமைத்தான். கி.மு. 612-இல் பகைவர் நினிவேயைச் சூழ்ந்து தீயிட்டு அழித்தனர். ஓலைச் சுவடியாயின் சாம்பலாகியிருக்கும். களிமண் ஏடுகளோ அந்நெருப்பில் செங்கல் போல் வெந்து இறுகின. கூரை இடிந்து வீழ்ந்தமையால் அவை உடைந்து சிதறினவெனினும் மண்ணுக்குள் அழியாது கிடந்தன.

ஆஸ்டின் ஹென்றி லேயார்டு என்னும் ஆங்கிலேயரும், மோசூல் நகரில் பிறந்த ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் என்பவரும் 1840-களின் இறுதியிலும் 1850-களின் தொடக்கத்திலும் நினிவே மேட்டைத் தோண்டி இவ்வேடுகளை வெளிக்கொணர்ந்தனர். ஆயிரக்கணக்கான துண்டுகள் பெட்டி பெட்டியாக லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை வந்தடைந்தன. அங்கே அவற்றைப் படிக்க வல்லார் மிகச் சிலரே. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரியாக இந்தியாவிற்கு வந்து, பின்னர் பாரசீகத்தில் பணியாற்றிய ஹென்றி ராலின்சன், அயர்லாந்துப் பாதிரியார் எட்வர்டு ஹிங்க்ஸ் முதலியோர் அவ்வெழுத்தின் பூட்டைத் திறந்திருந்தனர். 1857-இல் நான்கு அறிஞர்கள் ஒரே கல்வெட்டைத் தனித்தனியே மொழிபெயர்த்து முத்திரையிட்ட உறையில் அனுப்ப, அவற்றைப் பிரித்து ஒப்பிட்டபோது பொருள் பெரிதும் ஒத்திருந்தது. ஆப்பெழுத்தைப் படிக்க முடியும் என்பதை உலகம் நம்பத் தொடங்கியது அதன் பின்னரே. அவ்வாண்டில் நம் ஜார்ஜ் ஸ்மித்துக்குப் பதினேழு வயது.

தொழிலகத்துச் சிறுவன்

ஜார்ஜ் ஸ்மித் 1840-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் லண்டனில் செல்சீ என்னும் பகுதியில் ஓர் எளிய உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்து ஏழைப் பிள்ளைகளைப் போலவே அவருடைய பள்ளிப் படிப்பும் சிறு வயதிலேயே முடிந்துவிட்டது. பதினான்காம் வயதில் பிராட்பரி அண்டு எவான்ஸ் என்னும் புகழ்பெற்ற அச்சக நிறுவனத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். பணத்தாள் அச்சிடுவதற்குரிய உலோகத் தகடுகளைச் செதுக்குவது அவர் கற்ற தொழில்.

இத்தொழிலின் இயல்பை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கள்ள நோட்டு அடிப்போர் எளிதில் போலி செய்ய முடியாதவாறு மயிரிழை போன்ற கோடுகளை உலோகத்தில் செதுக்க வேண்டும். ஒரு கோடு பிசகினாலும் தகடு பாழாகும். நாள் முழுதும் குனிந்திருந்து, நுண்ணிய கோடுகளின் நீளம், சாய்வு, ஆழம் ஆகியவற்றை நோக்குவதே அவர் பணி. கல்வியாகக் கருதப்படாத இத்தொழிற்பயிற்சி பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

வேதாகமத்தில் கூறப்படும் நினிவே, பாபிலோன் முதலிய நகரங்களைப் பற்றிய ஆவல் அவருக்கு இளமையிலேயே உண்டாயிற்று. லேயார்டும் ராலின்சனும் எழுதிய நூல்களை வாங்கிப் படித்தார். அவர் வேலை செய்த இடம் பிளீட் தெருவை அடுத்திருந்தது. அங்கிருந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஏறத்தாழ ஒரு மைல். நண்பகல் உணவிற்கெனத் தரப்பட்ட இடைவேளையில் ஸ்மித் அருங்காட்சியகத்தை நோக்கி நடப்பார். உணவிற்குச் செலவிட வேண்டிய நேரத்தையும் காசையும் இக்கல்விக்கே செலவிட்டார். அங்கே அசீரியக் கற்களின் முன்னும் களிமண் ஏடுகளின் முன்னும் நின்று எழுத்துகளை ஒவ்வொன்றாக நோக்கிப் பழகினார். மாலையில் வேலை முடிந்தபின் வீட்டில் அவற்றை எழுதிப் பார்ப்பார்.

ஆப்பெழுத்தைக் கற்பது எளிதன்று. நம் தமிழைப் போல் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்னும் ஒழுங்கு அதில் இல்லை. ஏறத்தாழ அறுநூறு குறிகள் உண்டு. ஒரே குறி ஓரிடத்தில் ஒலியைக் குறிக்கும்; மற்றோரிடத்தில் முழுச் சொல்லைக் குறிக்கும்; வேறோரிடத்தில் பின்வரும் சொல் ஊர்ப் பெயரா, ஆள் பெயரா என அறிவிக்கும். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோரும் அஞ்சிய இத்துறையை, ஆசிரியர் எவருமின்றி, வேலைக்கு நடுவே கற்றார் அவ்விளைஞர்.

வாயிலில் நின்றவரைக் கண்டுகொண்டவர்கள்

உணவு வேளைதோறும் வந்து, ஏடுகளின் முன் நின்று, மணியடித்ததும் விரைந்து செல்லும் இளைஞரை அருங்காட்சியகத்தில் பணிபுரிவோர் நாளடைவில் கவனிக்கலாயினர். கீழ்த்திசைத் தொல்பொருட் பிரிவின் தலைவராகிய சாமுவேல் பர்ச் அவரோடு உரையாடினார். கைகளில் தொழிலகத்தின் அடையாளங்களைத் தாங்கிய அவ்விளைஞர், அத்துறையில் பலரினும் நன்கு அறிந்தவராக இருந்தது கண்டு வியந்து, அவரை ராலின்சனிடம் அறிமுகம் செய்துவைத்தார். உடைந்த துண்டுகளைத் தூய்மை செய்து வகைப்படுத்திப் பொருத்தும் வேலை ஸ்மித்துக்குக் கிடைத்தது.

தகடு செதுக்கிப் பழகிய கண்ணின் பயன் இங்கேதான் விளங்கிற்று. பத்து நூல்களைக் கிழித்து, துண்டுகளை ஒன்றாகக் கலந்து, பாதியை எறிந்துவிட்டு, எஞ்சியவற்றிலிருந்து நூல்களை மீட்கச் சொன்னால் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருந்தது நினிவே ஏடுகளின் நிலை. மண்ணின் நிறம், எழுத்தின் சாய்வு, உடைந்த ஓரத்தின் வடிவு ஆகியவற்றை நோக்கியே இத்துண்டு அத்துண்டின் தொடர்ச்சி என அறிய வேண்டும். இதில் ஸ்மித்துக்கு நிகராக எவரும் இல்லை எனின் மிகையாகாது.

1866-இல் அவர் தம் முதல் கண்டுபிடிப்பை வெளியிட்டார். இஸ்ரவேல் அரசனாகிய யெகூ, அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசருக்குத் திறை செலுத்திய ஆண்டைத் தெரிவிக்கும் வாசகம் அது. வேதாகம வரலாற்றையும் அசீரிய வரலாற்றையும் ஆண்டுக் கணக்கில் இணைக்க அது உதவியமையால் அறிஞருலகின் கவனத்தைப் பெற்றது. 1867-இல் அருங்காட்சியகத்தின் கீழ்த்திசைத் தொல்பொருட் பிரிவில் உதவியாளராக அவர் நியமனம் பெற்றார். செதுக்குளியைக் கீழே வைத்துவிட்டு முழு நேர அறிஞரானபோது அவருக்கு வயது இருபத்தேழு. ராலின்சனோடு இணைந்து ஆப்பெழுத்துக் கல்வெட்டுத் தொகுதியின் மூன்றாம் பகுதியை உருவாக்குவதில் உழைத்தார். அது 1870-இல் வெளிவந்தது. மறு ஆண்டில் அசுர்பனிபால் மன்னனின் வரலாற்றைக் கூறும் வாசகங்களை மொழிபெயர்ப்போடு நூலாக்கினார். சைப்பிரசு தீவின் பழைய எழுத்துகளைப் படிக்கும் வழியைத் திறந்தவர்களுள்ளும் அவர் ஒருவர் ஆவார்.

வெள்ளத்தின் கதை

1872-ஆம் ஆண்டு ஸ்மித்தின் வாழ்வில் மட்டுமன்றி உலக இலக்கிய வரலாற்றிலும் நினைவில் நிற்கும் ஆண்டாகும். புராணக் கதைகளைக் கூறும் துண்டுகளைப் பிரித்தெடுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, பெரியதொரு துண்டில், மரக்கலம் ஒன்று மலைமேல் தங்கியதாகவும், அதிலிருந்து புறா ஒன்று விடப்பட்டு, அமர இடமின்றித் திரும்பி வந்ததாகவும் எழுதப்பட்டிருப்பதை அவர் கண்டார். வேதாகமத்தில் நோவாவின் காலத்து வெள்ளத்தைப் பற்றிப் படித்த எவரும் இதைக் கண்டு திடுக்கிடாமல் இருக்க முடியாது.

ஆயின் ஏட்டின் ஒரு பகுதியைச் சுண்ணாம்பு போன்ற படிவு மூடியிருந்தது. அதனைச் சிதைக்காது நீக்க வல்லவர் ராபர்ட் ரெடி என்னும் தொழில் வல்லுநர் ஒருவரே. அவரோ வெளியூர் சென்றிருந்தார். ஸ்மித் நாள்தோறும் அமைதியின்றிக் காத்திருந்தார். ரெடி திரும்பி வந்து படிவை நீக்கித் தந்ததும், மறைந்திருந்த வரிகளைப் படித்து, தாம் தேடியது அங்கேயே இருப்பதைக் கண்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் எவரும் படித்திராத கதையைத் தாமே முதலில் படிக்கிறோம் என்னும் உவகை தாங்காமல் அவர் அறைக்குள் அங்குமிங்கும் ஓடியதாகவும், தம் மேலாடைகளைக் களையத் தொடங்கிவிட்டதாகவும் அருங்காட்சியகத்தார் ஒருவர் பிற்காலத்தில் எழுதிய நூல் கூறுகிறது.

அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள், வேதாகமத் தொல்பொருட் கழகத்தின் கூட்டத்தில் ஸ்மித் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். பிரதமர் கிளாட்ஸ்டன் அக்கூட்டத்திற்கு நேரில் வந்திருந்தார். பதினான்கு வயதில் தொழில் பழகச் சென்ற ஒருவரின் சொற்பொழிவை நாட்டின் தலைவர்களும் பேராசிரியர்களும் அமர்ந்து கேட்டனர்.

அவர் படித்த ஏடு, கில்காமேஷ் என்னும் வீரனைப் பற்றிய நெடுங்காவியத்தின் பதினொன்றாம் பகுதியாகும். உயிர் நண்பனாகிய எங்கிடுவைச் சாவுக்குப் பறிகொடுத்த கில்காமேஷ், சாவை வெல்லும் வழியைத் தேடி உலகின் எல்லைக்குச் செல்கிறான். அங்கே வெள்ளத்தினின்று தப்பிய முதியவன் அவனுக்குத் தன் கதையைக் கூறுகிறான். தெய்வம் ஒன்று முன்கூட்டி எச்சரிக்க, அவன் மரக்கலம் கட்டித் தன் சுற்றத்தாரையும் விலங்குகளையும் ஏற்றிக்கொள்கிறான். ஆறு பகலும் ஏழு இரவும் புயலும் மழையும் உலகை மூடுகின்றன. பின் கலம் மலைமேல் தங்க, அவன் புறாவையும் தூக்கணங்குருவி போன்றதொரு பறவையையும் காக்கையையும் அடுத்தடுத்து விடுகிறான். காக்கை திரும்பி வராதது கண்டு நீர் வற்றியதை உணர்கிறான். கடல்கோள் பற்றிய மரபுச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இக்கதை அயலானதாகத் தோன்றாது.

நினிவேக்குப் பயணம்

கதையின் சில வரிகள் உடைந்துபோயிருந்தன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க டெய்லி டெலிகிராஃப் என்னும் நாளிதழ் ஆயிரம் கினி வழங்க முன்வந்தது. இதற்கு முயன்றவர் அவ்விதழைச் சார்ந்த எட்வின் அர்னால்டு. இவர் முன்னர்ப் பூனாவில் கல்லூரி முதல்வராக இருந்தவர். பின்னர் 1879-இல் புத்தர் பெருமானின் வரலாற்றை ஆங்கிலக் காவியமாகப் பாடியவர். அக்காவியத்தைத் தழுவிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இயற்றிய ஆசிய ஜோதியை நம்முள் பலர் பள்ளி நாள்களிலேயே அறிவோம். அந்த அர்னால்டுதான் நினிவேக்கு ஸ்மித்தை அனுப்பியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

1873 சனவரியில் லண்டனை விட்டுப் புறப்பட்ட ஸ்மித், மார்ச்சில் மோசூலை அடைந்தார். அந்நாடு அப்போது துருக்கியரின் உதுமானியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. தோண்டுவதற்கான அரசாணை வந்து சேரத் தாமதமாயிற்று. மே மாதத்தில்தான் நினிவே மேட்டில் பணி தொடங்கியது. தொடங்கிய ஒரு வாரத்தில், மே 14-ஆம் நாள் மாலை, அன்று கிடைத்த துண்டுகளைத் தூசி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெள்ளக் கதையின் பதினேழு வரிகள் அடங்கிய ஒரு துண்டு அவர் கையில் கிடைத்தது. கடலில் எறிந்த மோதிரத்தை மீனின் வயிற்றில் கண்டதைப் போன்ற நிகழ்ச்சி இது!

இச்செய்தியை அவர் தந்தி மூலம் நாளிதழுக்கு அறிவித்தார். தேடியது கிடைத்துவிட்டதென்று நாளிதழார் பணியை அத்துடன் முடித்துக்கொண்டனர். இதழில் வெளியான தந்தி வாசகம் தாம் அனுப்பியதினின்று வேறுபட்டது என்று ஸ்மித் பின்னர்த் தம் நூலில் குறிப்பிட்டார். மனக்குறையோடு திரும்பிய அவரை அதே ஆண்டு இறுதியில் அருங்காட்சியகமே மீண்டும் அனுப்பியது. 1874-இன் முதல் மாதங்களில் அவர் நினிவேயில் பல துண்டுகளைக் கண்டெடுத்தார். இரு பயணங்களிலும் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன.

அடுத்த இரண்டாண்டுகளில் அவர் எழுதிக் குவித்ததைக் காணும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. அசீரியக் கண்டுபிடிப்புகள் என்னும் பயண நூல் 1875-இல் வெளியாயிற்று. அசீரியர் ஒவ்வோர் ஆண்டிற்கும் ஓர் அதிகாரியின் பெயரிட்டு வழங்கினர். அப்பெயர்ப் பட்டியலை ஆராயும் நூலும் அதே ஆண்டில் வந்தது. அப்பட்டியலில் ஓராண்டிற்கு நேரே சூரிய கிரகணம் குறிக்கப்பட்டுள்ளது. வானியல் கணக்கின்படி அது கி.மு. 763-ஆம் ஆண்டு சூன் திங்களில் நிகழ்ந்தது. அதனை நிலைநிறுத்தி முன்னும் பின்னும் எண்ணினால் அசீரிய வரலாற்றின் ஆண்டுகள் வரிசைப்படும். கல்தேயரின் படைப்புக் கதைகளையும் வெள்ளக் கதையையும் தொகுத்துரைக்கும் நூல் 1876-இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது.

இறுதிப் பயணம்

1875 அக்டோபரில் அருங்காட்சியகம் மூன்றாம் முறையாக ஸ்மித்தை அனுப்பியது. இம்முறை தொடக்கமுதலே இடையூறுகள். அரசாணைக்காகக் கான்ஸ்டாண்டிநோபிளில் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஆணை கிடைத்துச் சென்றபோது கொள்ளைநோய் பரவியிருந்தது. ஆயினும் பாக்தாதில், பாபிலோன் வணிகக் குடும்பம் ஒன்றின் கணக்கேடுகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை அவர் அருங்காட்சியகத்திற்காக விலைக்கு வாங்கினார். கடுங்கோடையில் நினிவேயை அடைந்தும் தோண்ட இயலாது திரும்பினார். வழியில் வயிற்றுக்கடுப்பு நோய் அவரைத் தாக்கியது. அலெப்போ நகருக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தனர். 1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் அங்கேயே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

நோயுற்ற நிலையிலும் அவர் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. தாம் தம் துறைக்காகவே முற்றும் உழைத்ததாகவும், தம் சேகரிப்பு ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படும் என்றும், தம் குடும்பம் காப்பாற்றப்படும் என நம்புவதாகவும் இறுதிப் பக்கங்களில் குறித்திருந்தார். லண்டனில் அவர் மனைவி மேரியும் சிறு குழந்தைகளும் இருந்தனர். அரசு அக்குடும்பத்திற்கு ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகை வழங்கிற்று. அவர் முடிக்காது விட்ட நூல்களை ஏ. எச். சேஸ் என்னும் அறிஞர் செப்பனிட்டு வெளியிட்டார்.

ஸ்மித்தின் முடிவுகளுள் சில பின்னர்த் திருத்தப்பட்டன. காவியத் தலைவனின் பெயரை அவர் இஸ்துபார் எனப் படித்தார். அது கில்காமேஷ் என்பது 1890-இல்தான் தெளிவாயிற்று. 1873-இல் அவர் நினிவேயில் கண்ட பதினேழு வரிகள் கில்காமேஷ் காவியத்தைச் சேர்ந்தவை அல்ல, அத்ராகசிஸ் என்னும் வேறொரு பழங்கவிதையைச் சேர்ந்தவை என்பதும் பிற்கால ஆய்வில் வெளிப்பட்டது. இது அவருக்கு இழுக்கன்று. முதலில் காட்டை வெட்டி வழி அமைப்பவன் சில இடங்களில் சுற்றிச் செல்வது இயல்பு. பின்வருவோர் அவ்வழியைச் செப்பனிடுவர். அறிவுத் துறைகள் வளர்வது இவ்வாறே.

மறைக்கப்பட்ட பெயர்கள்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நம் இளைஞர் அறிதல் வேண்டும். ஸ்மித் படித்த ஏடுகளுள் பெரும்பங்கு, ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் 1853-இல் கண்டுபிடித்த அசுர்பனிபாலின் அரண்மனையிலிருந்து வந்தது. அப்பகுதியைத் தோண்டும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் கோரியிருந்தமையால், ரஸ்ஸாம் தம் ஆட்களோடு இரவில் மறைவாகத் தோண்டி அதனைக் கண்டார். எனினும் அவர் மோசூலில் பிறந்த கீழ்நாட்டவராதலின் அவருக்குரிய பெருமை பிறருக்குச் சென்றது. அருங்காட்சியக அதிகாரியாகிய வாலிஸ் பட்ஜ் தம்மீது அவதூறு கூறியதாக ரஸ்ஸாம் வழக்குத் தொடுத்து, 1893-இல் வென்று, 50 பவுன் இழப்பீடு பெற்றார். ஆயினும் 1910-இல் இறக்கும் வரையில் அவருக்குரிய இடம் முழுமையாகக் கிடைக்கவில்லை. மண்வெட்டியும் கூடையும் ஏந்தி அம்மேட்டை அகழ்ந்த நூற்றுக்கணக்கான கூலியாட்களின் பெயர்களை நூல்களில் தேடினாலும் காண்பது அரிது.

உழைப்பவன் ஒருவன், பெயர் பெறுபவன் மற்றொருவன் என்னும் இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. திருக்குறள் ஓலைச் சுவடியை எல்லிஸ் துரைக்கு அளித்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதிவைத்தார். அவர் எழுதியிராவிடின் அப்பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஆகவே கற்பதோடு அமையாது, எழுதிவைக்கவும் நாம் பழக வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கது

ஸ்மித்தின் ஏழ்மையையும் நம் மக்கள் அடைந்த இழிவையும் ஒன்றெனக் கருதுவது தவறு. அவர் ஏழை, ஆனால் தீண்டத்தகாதவர் என்று எவராலும் விலக்கப்படவில்லை. அருங்காட்சியகத்தின் வாயிலில் அவருடைய பிறப்பை எவரும் கேட்கவில்லை. நம் நாட்டிலோ பள்ளியின் வாயிலிலேயே அக்கேள்வி கேட்கப்பட்டது. ஸ்மித்துக்கு ஐந்தாண்டு இளையவராகப் பிறந்த அயோத்திதாசப் பண்டிதர் அத்தடைகளுக்கு நடுவே பல மொழி கற்று, 1907-இல் இதழ் தொடங்கி, மறைக்கப்பட்ட வரலாற்றைத் தேடி எழுதினார். அண்ணல் அம்பேத்கர் லண்டனில் பயின்ற காலத்தில், ஸ்மித் பணியாற்றிய அதே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படிப்பகத்தில் காலை முதல் மூடும் வரை அமர்ந்து, உணவையும் சுருக்கிக்கொண்டு நூல்களைக் கற்றார் என்பதை நாம் அறிவோம். ஸ்மித் கடந்த தடைகளைவிட இவர்கள் கடந்த தடைகள் பெரியவை.

ஆயினும் ஸ்மித்தின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு உண்டு. ஒன்று இளைஞர்க்கு உரியது. கைத்தொழில் அறிவுக்குத் தடையன்று. தகடு செதுக்கிய கண்ணே உடைந்த ஏடுகளைப் பொருத்தியது. அச்சுக் கோத்தவர்க்கு எழுத்தின் வடிவம் தெரியும். கல் உடைப்பவர்க்குக் கல்லின் இயல்பு தெரியும். துணிக்கடையில் நிற்பவர்க்கு நெசவின் வேறுபாடு தெரியும். அவ்வறிவை நூலறிவோடு சேர்க்கும்போது பிறர் காணாததை அவர்கள் காண முடியும்.

மற்றொன்று நம்போன்ற மூத்தோர்க்கும் சங்க உறுப்பினர்க்கும் உரியது. ஸ்மித்தின் முயற்சி எவ்வளவு பெரிதாயினும், கட்டணமின்றித் திறந்திருந்த வாயில் ஒன்றும், உள்ளிருந்து அவரைக் கண்டுகொண்ட பர்ச் ஒருவரும் இல்லாதிருந்தால் அவர் இறுதி வரை செதுக்குத் தொழிலாளியாகவே இருந்திருப்பார். இன்னும் எத்தனை ஸ்மித்துகள் எவர் கண்ணிலும் படாது போயினரோ! நம் அச்சகத்து இளைஞர் நம் வாயிலில் வந்து நின்று கேட்டபோது நாம் பர்ச்சாக இருக்கத் தவறினோம் என்பதை இவ்விழா நாளில் ஒப்புக்கொள்வது நம் கடமை. ஆறுதல் கூறியதற்கு மாறாக, அவரைக் கல்வெட்டு அறிந்த ஒருவரிடம் அழைத்துச் சென்றிருக்க வேண்டும். இனி வரும் ஆண்டுகளில் அத்தகைய இளைஞர் ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்று, உரிய நூலையும் உரிய ஆசிரியரையும் காட்டுவதென நாம் உறுதிகொள்வோமாக.

நாம் வாழும் தியாகராய நகர், 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர். நம் காலடியில் இருப்பதும் களிமண்தான். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிலையம் எழும்பூர். அங்கே 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும், அதனையொட்டி 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் உள்ளன. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அவ்வாயில்களில் நம்மை எவரும் தடுக்க இயலாது. அவ்வுரிமைக்காக நம் முன்னோர் பட்ட பாடு பெரிது. விடுமுறை நாளில் ஒரு மணி நேரமேனும் அங்குச் செல்லுங்கள்.

மாலை வகுப்பிற்கு வருவதை நிறுத்திய அவ்விளைஞர் கண்ணில் இம்மலர் படுமாயின், அவருக்கு நாம் கூற விரும்புவது இதுவே: உமது கேள்விக்கு விடை, முடியும் என்பதே. காலம் தாழ்ந்து விடை கூறியதற்காக எம்மைப் பொறுத்துக்கொள்க. வகுப்பு இன்றும் நடைபெறுகிறது. வருக.